வாசல் வரை

தம்பிக்கு,

நீ சுகமாக இருப்பது எனக்குத் தெரியும். நேற்றுத்தான் போனில் பேசினோம். நான் சுகமாக இருப்பது உனக்கும் தெரியும். பிறகு எதற்கு, வெள்ளிக்கிழமை ஊருக்கு வரப்போகிற பிள்ளைக்கு இந்த அம்மா மெனக்கெட்டுக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நான் எதைத் தொடங்கினாலும் நீ "சரிம்மா, சரிம்மா" என்று நாலு தடவை சொல்லி வைத்துவிடுகிறாய். அது போக, போனில் பொய் சொல்வது எவ்வளவு சுலபம் என்று என்னைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பதிமூன்று வருஷம் எஸ்.டி.டி. பூத் நடத்தியவள் நான். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, சவுதியிலும் துபாயிலும் இருக்கிற புருஷனிடம் "இங்க எல்லாரும் நல்லா இருக்கோம், நீங்க ஒண்ணும் வெசனப்படாதீக" என்று சொல்லிவிட்டு, வெளியே வந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போன பெண்கள் எத்தனை பேர்! கூட்டம் குறைந்ததும் நானும் அதே போனை எடுத்து உன் அப்பாவிடம் அதையேதான் சொல்வேன். அதனால் இந்த விஷயத்துக்குப் போன் வேண்டாம் என்று முடிவு செய்தேன். வாட்ஸாப்பில் படம் எடுத்து அனுப்பினாலும் நீ ஆபீஸ் லிப்டில் நின்றபடி பாதிதான் படிப்பாய். தபாலில் போடுகிறேன். உட்கார்ந்து படி.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நான் கீரமங்கலத்துக்குப் போய் வந்தேன். உனக்குப் பெண் கொடுக்க இருக்கிற வீட்டுக்குத்தான். தனியாக, என் வண்டியில். பதறாதே, கல்யாணம் நின்றுவிடவில்லை. நிற்காது என்றும் என்னால் சொல்ல முடியாது. அது இப்போது உன் கையில் இருக்கிறது. எப்படி என்று சொல்வதற்கு நான் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

மூன்று வாரத்துக்கு முன்பு கடையில் ஒருவருக்கு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தபோது சம்பந்தியம்மா போன் செய்தார். பத்திரிகை அச்சாகி வந்துவிட்டதா, எத்தனை பேருக்கு நேரில் போக வேண்டும் என்றெல்லாம் பேசிவிட்டு, கடைசியில் மெதுவாக, "அப்பறம்... ஆபரேஷன் பண்ணுன முழங்காலு இப்ப எப்பிடிங்க இருக்கு சம்பந்தி?" என்றார். எனக்கு ஒரு நொடி எதுவும் விளங்கவில்லை. என் முழங்காலில் எந்த டாக்டரும் கத்தி வைத்ததில்லை. இரண்டு வயதில் காய்ச்சல் கண்டு சூம்பிப்போன கால் இது. ஆபரேஷன் செய்தால் நிமிரும் என்று ஒருவர் சொல்லியிருந்தால் என் அப்பா வயலை விற்றாவது செய்திருப்பார். ஆனால் என் வாய் பூத்தில் பழகிய வாய். "இப்பத் தேவலைங்க, கொஞ்ச நாளைக்கு நடக்க வேணாம்னு டாக்டர் சொல்லியிருக்காரு" என்று சொல்லிவிட்டது. பேப்பர் படித்துக்கொண்டிருந்த உன் அப்பா தலையைத் தூக்கி, "யாருக்கு ஆபரேஷன்?" என்றார். "எனக்குத்தான்" என்றேன். "எப்ப?" என்றார். "அதை ஒங்க மகனத்தான் கேக்கணும்" என்றேன். அவர் வழக்கம்போல மறுபடி பேப்பருக்குள் போய்விட்டார்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகப் புரிந்தது. பூ வைக்கிற நாளன்று நீ என்னிடம், "அவுக வீடு ஒசரம்மா, படியெல்லாம் செங்குத்தா இருக்கு, பிடிச்சு ஏறக் கம்பியும் இல்ல. ஒனக்குத்தான் செரமம். அத்தை போயி வச்சுட்டு வரட்டும்" என்றாய். மாப்பிள்ளையைப் பெற்றவள் போய்ப் பெண்ணின் தலையில் பூ வைப்பதுதான் முறை. அதை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. ஆனாலும் நீ என் சிரமத்தைச் சொன்னாய், நான் சரி என்றேன். உன் அத்தை போய் வைத்துவிட்டு வந்து, பெண்ணுக்கு நல்ல அடர்த்தியான முடி என்று சொன்னாள். நான் அங்கே போகாததற்கு நீ சொன்ன காரணம்தான் இந்த முழங்கால் ஆபரேஷன் என்று அப்போது எனக்குத் தெரியாது.

அதற்கும் முன்னால், அவர்கள் நம் வீடு பார்க்க வந்த நாளை நினைத்துப் பார். "வண்டி வாசல்ல நின்னா எடத்தை அடைக்கும்மா, பக்கத்து வீட்டுக் கொட்டகையில விட்டுட்டு வாரேன்" என்று கை நீட்டினாய். சாவியை எடுத்துக் கொடுத்தது நான்தான். காலை எட்டு மணிக்கே நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, பாதம் தெரியாதபடி புடவையை இழுத்துவிட்டுக்கொண்டு, அவர்கள் போகிறவரை அசையாமல் இருந்தேன். முதல் நாள் சாயங்காலத்திலிருந்தே தண்ணீர் குடிக்கவில்லை. ஏன் என்று நீ யோசித்திருக்க மாட்டாய். விருந்தாளிகள் பார்க்கத் தரையில் கை ஊன்றி நகர்ந்து பாத்ரூமுக்குப் போக முடியாது அல்லவா? வெளியூர் போகிற அன்று தண்ணீரைத் தள்ளிவைப்பது என்னைப் போன்ற பெண்கள் எல்லோருக்கும் பழக்கம்தான். பஸ்ஸில் போகிற நாளென்றால் காபியும் கிடையாது. ஆனால் சொந்த வீட்டில் அப்படித் தொண்டை காய உட்கார்ந்திருந்தது எனக்கு அன்றுதான் முதல் தடவை.

கோபம் வந்ததா என்று கேட்டால், வந்தது. ஒரு நாள் முழுக்க இருந்தது. உனக்குப் போன் போட்டு நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று கையில் எடுத்தும் விட்டேன். அப்புறம் வைத்துவிட்டேன். நீ சொன்ன பொய்யை எங்கே படித்தாய் என்று எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. இதுவரை உன்னிடம் நான் பேசாத விஷயம் அது.

அப்போது என்னிடம் இருந்தது கையால் சுற்றுகிற மூன்று சக்கர சைக்கிள். பெடல் நெஞ்சுக்கு நேரே இருக்கும். உன் அப்பா சவுதியில் இருந்தார். தினம் காலையில் உன்னைப் பின்னால் பலகையில் உட்காரவைத்துப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, அப்படியே பூத்துக்குப் போவேன். பாலத்து மேட்டில் எனக்குக் கை வலிக்கும் என்று தெரிந்து, நீயே குதித்து இறங்கித் தள்ளுவாய். மேடு ஏறியதும் தொற்றிக்கொண்டு, கண்டக்டர் மாதிரி "போலாம் ரைட்!" என்று தெருவே கேட்கக் கத்துவாய். உனக்கு அதில் அத்தனை பெருமை. உன் வகுப்பில் மற்ற எவனுக்கும் சொந்தமாகத் தள்ளுவதற்கு ஒரு வண்டி கிடையாதே. பள்ளிக்கூட வாசலில் இறங்கி, பையை மாட்டிக்கொண்டு, பத்துத் தடவை திரும்பிப் பார்த்து டாட்டா காட்டிவிட்டுத்தான் உள்ளே போவாய்.

நீ மூன்றாவது படிக்கும்போது ஒரு நாள், அந்த வாசலில் நின்ற இரண்டு பையன்கள் என்னைப் பார்த்ததும் கீழே உட்கார்ந்து கையை ஊன்றி நகர்ந்து காட்டிச் சிரித்தார்கள். நீ பார்க்கவில்லை, அதற்குள் உள்ளே போய்விட்டாய். சின்னப் பிள்ளைகள், அவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் எனக்குச் சுருக்கென்று பட்டது. அன்று சாயங்காலம் உன்னைக் கூப்பிட்டு, "நாளையிலருந்து பெட்ரோல் பங்க் முக்குல எறக்கி விட்டுர்றேன். அங்கிட்டு இருந்து நீயே நடந்து போயிரு" என்றேன். "ஏம்மா? வாசல் வரைக்கும் வாம்மா" என்று நீ காலை உதறி அழுதாய். நான் மசியவில்லை. "ஒங்கம்மா எங்கடான்னு யாராச்சும் கேட்டா, ஊருக்குப் போயிருக்குன்னு சொல்லிரு" என்று அதையும் நானேதான் வாயில் போட்டுக் கொடுத்தேன். உன்னைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் நினைத்தேன். நீ எட்டு வயதுப் பிள்ளை. உனக்கு அதிலிருந்து புரிந்தது, அம்மா மறைக்க வேண்டிய ஆள் என்பதுதான்.

அப்புறம் இரண்டு வருஷம், உன் பள்ளிக்கூடத்துக் கணக்கில் நான் ஊருக்குப் போனவள், திரும்பி வரவேயில்லை. பிராக்ரஸ் கார்டில் உன் மாமா கையெழுத்துப் போட்டார். ஒரு தடவை உங்கள் டீச்சர் பூத்துக்குப் போன் பேச வந்து, என்னை யாரென்று தெரியாமல், "நம்ம ஸ்கூல்ல ஒரு பையன், நல்லாப் படிப்பான், பாவம் அவங்கம்மா எங்கயோ போயிட்டாங்க போலருக்கு" என்று என்னிடமே சொன்னார். நானும் "அடப் பாவமே" என்று கேட்டுக்கொண்டேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது, அன்று வரவில்லை. ஆண்டு விழாவில் உனக்குப் பேச்சுப் போட்டியில் பரிசு கொடுத்தார்களே, அன்று நான் பள்ளிக்கூடத்துக்கு வெளியே, ஐஸ் வண்டிக்குப் பின்னால் சைக்கிளை நிறுத்தி, கம்பி கேட் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். டிபன் பாக்ஸைக் கையில் வாங்கிக்கொண்டு நீ மேடையில் நின்று, கூட்டத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேடினாய். யாரைத் தேடினாய் என்று எனக்குத் தெரியும். கையைத் தூக்கி ஆட்டியிருக்கலாம். நீ கேட் பக்கம் திரும்பியபோது நான் சைக்கிளைப் பின்னால் தள்ளி மறைந்துகொண்டேன். வீட்டுக்கு வந்து நீ டிபன் பாக்ஸைக் காட்டியபோது, இப்போதுதான் முதல் தடவை பார்ப்பதுபோல வாங்கிப் பார்த்தேன். நான் செய்ததிலேயே பெரிய தப்பு என்று இன்றைக்கும் அதைத்தான் நினைக்கிறேன்.

பிறகு நீ பதினொன்றாம் வகுப்பு படிக்கும்போது அரசாங்கத்தில் எனக்கு ஸ்கூட்டர் கிடைத்தது. மனு எழுதி, புதுக்கோட்டை முகாமுக்கு நாலைந்து தடவை அலைந்து, காலை அளந்து, போட்டோ எடுத்து எல்லாம் முடிந்து, பக்கத்துக்கு ஒன்றாகச் சக்கரம் பொருத்திய வண்டி வந்து சேர்ந்தது. எனக்கு அதைத் தொடவே பயம். நீதான் ஆள் இல்லாத மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், பின் சீட்டில் உட்கார்ந்து, என் கையோடு கை வைத்து ஆக்ஸிலேட்டர் முறுக்கக் கற்றுக்கொடுத்தாய். "இது மத்த வண்டி மாதிரி சாயாதும்மா. திருப்பத்துக்கு முன்னாடியே வேகத்தைக் கொறச்சுரு" என்று நீ சொன்னதை இன்றைக்கும் ஒவ்வொரு திருப்பத்திலும் நினைத்துக்கொள்கிறேன். இந்த வண்டிக்கு ரோட்டில் மூன்று தடம் வேண்டும். முன் சக்கரம் குழிக்குத் தப்பினால் பக்கச் சக்கரம் மாட்டும். அதையும் அந்த ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டேன். நாற்பது வயதுக்குப் பிறகு, யார் கையையும் எதிர்பார்க்காமல், நினைத்த நேரத்தில் நினைத்த இடத்துக்குப் போவது என்றால் என்ன என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. முதல் தடவை தனியாகக் கடைத்தெரு வரை போய் ஒன்றும் வாங்காமல் திரும்பி வந்தேன். சும்மா போய் வருவது அத்தனை நன்றாக இருந்தது.

அதே வாரம் நீ ரெக்கார்டு நோட்டை வீட்டில் மறந்துவிட்டுப் போனாய். எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பெட்ரோல் பங்க் முக்கில் நிற்கவில்லை. உன் எட்டு வயதுக்குப் பிறகு முதல் தடவையாக, ஒளியாமல் பள்ளிக்கூட வாசல் வரை வந்து ஹாரன் அடித்தேன். நீ ஓடி வந்து நோட்டை வாங்கிக்கொண்டு, "சரி, கெளம்பு" என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டுப் போனாய். உன்னோடு வந்த பையன், "யார்றா?" என்று கேட்டான். "எங்க தெருவுல இருக்கவங்கடா" என்றாய். எனக்குக் கேட்காது என்று நினைத்தாய். பொய் என்று சொல்ல முடியாது, நான் உங்கள் தெருவில்தானே இருக்கிறேன். வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். வலித்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதைச் சொன்ன குரல் உன்னுடையது, சொல்லிக்கொடுத்தது நான். யாரிடம் போய்ச் சண்டை போடுவது? மைதானத்தில் எனக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்த பிள்ளையும் நீதான், வாசலில் என்னைத் தெருக்காரி ஆக்கிய பிள்ளையும் நீதான். இரண்டுமே நான் வளர்த்த பிள்ளை என்று விட்டுவிட்டேன். அன்றே உன்னை உட்காரவைத்துப் பேசியிருந்தால் இன்று இந்தக் கடிதம் தேவைப்பட்டிருக்காது.

பூத்தை மூடி ஜெராக்ஸ் கடை ஆக்கிய பிறகு, நம் கடையில் நான் மற்றவர்களுக்கு பஸ் பாஸுக்கும் வண்டிக்கும் மனு எழுதிக்கொடுப்பது உனக்குத் தெரியும். போன மாதம் ஒருவர் தன் தாயைக் கூட்டிக்கொண்டு வந்தார். சர்க்கரையில் ஒரு கால் எடுத்த அம்மா. பஸ் பாஸுக்கு எழுதினேன். "வண்டிக்கும் விசாரிச்சுப் பாக்கலாமே" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "வண்டிய வாங்கி இது எங்கிட்டுங்க போகப் போகுது? வேணுங்கிறத நாந்தான் வாங்கிக் குடுத்துர்றேனே" என்றார். நல்ல மகன்தான், தாயைத் தாங்குகிற மகன். ஆனால் அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டு, "எனக்கு எங்க அக்கா வீட்டுக்குப் போகணும்" என்று மட்டும் சொன்னது. அந்த மகனுக்கு நான் அரை மணி நேரம் புத்தி சொன்னேன். நீ பேசி வைத்திருக்கிற கார் எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. கல்யாணத்தன்று விடியும் முன்னே, யாரும் வருவதற்குள், என்னைக் காரில் கொண்டுவந்து மேடைக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்காரவைத்து, எல்லோரும் போன பிறகு திரும்பக் கூட்டிப்போவதாக ஏற்பாடு. "நீ எதுக்கும் அலைய வேண்டாம்மா" என்றாய். பாசத்தோடுதான் சொன்னாய். ஆனால் எனக்கு எது வேண்டும் என்று நீ கேட்கவே இல்லை. உன் பெண்டாட்டிக்காவது முதலில் கேட்டுவிட்டு உதவி செய், தம்பி. கேட்காமல் செய்கிற உதவியில் பாதி நம் வசதிக்காகச் செய்வது.

அதனால் நானே கல்யாண மண்டபத்தைப் பார்க்கப் போனேன். முன் வாசலில் பதினோரு படி. மேனேஜர் நல்ல மனிதர், "நாலு பேரு சேந்து தூக்கிரலாம்மா" என்றார். மூட்டைதான் தூக்க வேண்டும், என்னைத் தூக்க வேண்டாம் என்றேன். மூட்டை என்றதும் அவருக்கே ஒன்று தோன்றியது. பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். அரிசி மூட்டையும் கேஸ் சிலிண்டரும் தள்ளிக்கொண்டு போகச் சாய்வாக சிமெண்ட் போட்ட பாதை, சமையல்கட்டு வழியாக நேரே மேடைப் பக்கம் போகிறது. அவருக்குத்தான் சங்கடம். "மாப்பிள்ளையோட அம்மா அடுப்படி வழியா வந்தா நல்லா இருக்குமாங்க?" என்றார். "ஊருக்கே சோறு வர்ற வழிதானங்க, எனக்கென்ன" என்றேன். வண்டியை அதில் ஏற்றி இறக்கிப் பார்த்தேன். எல்லாச் சக்கரமும் சரியாகப் போகிறது. அங்கிருந்து வீட்டுக்குத் திரும்ப மனம் வரவில்லை. மண்டபத்துக்குள் வர வழி கிடைத்துவிட்டது, சம்பந்தி வீட்டில் சொன்ன பொய்யை அப்படியே வைத்துக்கொண்டு எந்த வழியாக வந்துதான் என்ன என்று தோன்றியது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. உன் அப்பாவிடம் சொன்னேன். "ஒனக்கு சரின்னு பட்டா போயிட்டு வா" என்றார். டயரில் காற்று மட்டும் அவரே பார்த்துக் கொடுத்தார்.

கீரமங்கலம் ரோடு இப்போது பரவாயில்லை. இரண்டு பக்கமும் தென்னந்தோப்பும் பூக்கொல்லையுமாகப் போகிறது. அவர்கள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி ஹாரன் அடித்தேன். நீ சொன்னது உண்மைதான், படி செங்குத்து. சம்பந்தியம்மா வெளியே வந்து என்னையும் வண்டியையும் பார்த்தார். ஆச்சரியப்படவில்லை. "வாங்க வாங்க" என்று கும்பிட்டுவிட்டு, "மேல வாரீங்களா, நாங்க எறங்கி வரட்டுமாங்க?" என்று கேட்டார். அப்படி யாரும் என்னைக் கேட்டதில்லை. "நீங்க எறங்கி வாங்க" என்றேன். ஸ்டூலை எடுத்துக்கொண்டு வந்து வேப்பமர நிழலில் என் வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் வீட்டுக்காரர் கொல்லையிலிருந்து வந்து, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக்கொண்டே நின்றார். நான் சுற்றி வளைக்கவில்லை. "எனக்கு முழங்கால்ல ஆபரேஷன் எதுவும் நடக்கலைங்க. ரெண்டு வயசுலயே போலியோ. போன்ல ஒங்ககிட்ட பொய் சொல்லிட்டேன், மன்னிச்சுக்கங்க" என்றேன்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு பெண்ணின் அப்பா, "தெரியும்மா" என்றார். "அறந்தாங்கியில பூத்துக்காரம்மாவத் தெரியாதவுக யாரு? எந் தம்பி சிங்கப்பூருல இருந்தப்ப ஒங்க பூத்துல வந்துதான் பேசுவேன். நீங்கதான் நம்பரு போட்டுக் குடுப்பீக. ஒங்க மகன்னு தெரிஞ்சுதான் பொண்ணு குடுக்கவே சம்மதிச்சேன்." ஊருக்கே தெரிந்த காலை நாம் இரண்டு பேரும் புடவையால் மூடி வைத்திருக்கிறோம். சம்பந்தியம்மா சொன்னார்: "நீங்களாச்சும் சொல்லுவீகன்னுதான் அன்னைக்கு போனுல முழங்காலப் பத்திக் கேட்டேன். நீங்களும் சொல்லல."

அதற்கு அடுத்து அவர் வீட்டுக்காரர் சொன்னதை நான் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன். "காலு ஒரு விசயமே இல்லம்மா. ஆனா பெத்த தாயவே மறைக்கிற ஆளு, நாளைக்கு எம் மகளுக்கு ஒண்ணுன்னா அவள எங்க கொண்டுபோயி மறைப்பாரு? அதுதான் எனக்கு ஒறக்கம் வரல. கோவமா சொல்லலம்மா. மாப்பிள்ள வரட்டும். அவரு வாயால சொல்லட்டும். அதுக்கப்பறம் மத்ததப் பேசுவோம்." நான் உனக்காக ஒரு வார்த்தைகூடப் பரிந்து பேசவில்லை. மறைக்கக் கற்றுக்கொடுத்தது நான்தான் என்று மட்டும் சொன்னேன். அவர், "இருக்கட்டும்மா, வளந்த பிள்ளதான" என்றார். சம்பந்தியம்மாவின் கையில் அன்று பறித்த மல்லிகை கட்டாமல் ஒரு தட்டில் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, "பூ வைக்கிற அன்னைக்கே எனக்கு மனசு ஒரு மாதிரிதான் இருந்துச்சு. மாப்பிள்ளையோட வாங்க. ஒங்க கையால அன்னைக்கு வச்சு விடுங்க" என்றார்.

உன் நித்யா அதுவரை படியிலேயே நின்றுகொண்டிருந்தாள். இறங்கி வந்து ஒரு சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். நான் வழக்கம்போல வாயை நனைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். அவள் வாங்கவில்லை. கொஞ்சம் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி, "குடிங்க அத்தை. பின்னாடி சமதளமா ஒரு வழி இருக்கு. வண்டியிலயே பாத்ரூம் கதவு வரைக்கும் போயிரலாம், நான் காட்டுறேன்" என்றாள். அடுத்தவர் வீட்டில் நான் முழுச் சொம்பு தண்ணீர் குடித்தது அன்றுதான். இரண்டாவது சொம்பும் கேட்டு வாங்கிக் குடித்தேன். வருகிற வழியில் எனக்கு அழுகை வந்தது, தென்னந்தோப்பு ஓரமாக வண்டியை நிறுத்தி அழுதுவிட்டுத்தான் வந்தேன். இந்தப் பெண்ணை நீ இழந்துவிடக் கூடாதே என்ற பயம்தான். அவளுக்காகவும் பயந்தேன், உனக்காகவும் பயந்தேன்.

ஆகவே இதுதான் விஷயம். அங்கே என்ன சொல்வது என்று என்னைக் கேட்காதே. நான் சொல்லிக்கொடுத்தது ஒரு தடவை போதும். உன் மனதில் இருப்பதைச் சொல். வெட்கமாக இருந்தது என்றால் அதையும் சொல், எனக்கு வருத்தமில்லை. அவர்கள் என்ன முடிவு எடுத்தாலும் அது அவர்கள் உரிமை. நீ கோபத்தில் என்னோடு பேசாமல் இருக்கலாம், அதுவும் உன் உரிமை. ஆனால் வெள்ளிக்கிழமை வராமல் மட்டும் இருந்துவிடாதே.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பலாம். கார் எதுவும் பேச வேண்டாம், என் வண்டியிலேயே போகலாம். ஓட்டுவது நான், நீ பின்னால் உட்கார். உன் கால் நீளம், பக்கச் சக்கரத்தின் மட்கார்டில் இடிக்கும், பொறுத்துக்கொள். வெயில் ஏறிய பிறகு, கடைத்தெரு வழியாகத்தான் போவேன். அந்தப் பெட்ரோல் பங்க் முக்கு போகிற வழியில்தான் இருக்கிறது. அங்கே நிற்க மாட்டேன். கீரமங்கலத்திலும் உன்னைத் தெருமுக்கில் இறக்கிவிட மாட்டேன், வாசல் வரை வருவேன். அதற்கு மேல் படி. அதில் நீதான் தனியாக ஏறிப் போக வேண்டும். நான் வேப்பமரத்தடியில் வண்டியில் உட்கார்ந்திருப்பேன். மேலே போனதும் ஒரு தடவை திரும்பிப் பார். இந்தத் தடவை கையை ஆட்டுகிறேன்.

உன் அம்மா